எள்ளு வாயில் கொண்டுவந்தது

நெடுங்கரையில் ஒருவரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அதை வாயால் சொல்வதில்லை. வாயால் சொன்னது வாயோடு போய்விடும், அடுத்த மாதமே ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு அப்பளத்தை நொறுக்கினால் மறந்தும் போகும் என்பது எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீட்டு ஆட்கள் எல்லாரும் விடிந்ததும் கண்மாய்க்குப் போவார்கள், மடைப்பக்கம் இறங்குவார்கள், மூன்று முழுக்குப் போடுவார்கள், மூன்றாவது முழுக்கில் தண்ணீருக்குள்ளேயே அந்த ஆளின் பேரைச் சொல்லிவிட்டு, பேர் குமிழியாக மேலே வந்து உடைவதைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் கரையேறி வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆள் நேர் எதிரே வந்து நின்றாலும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் இதை நடிப்பு என்று நினைப்பார்கள். நடிப்பில்லை. தெருவில் வெயில் இருக்கும், வெயிலில் ஒரு கோழி மேயும், அவ்வளவுதான் தெரியும்.

ரோஷத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. நாடகக் கம்பெனியோடு ஓடிப்போன தம்பி, வரப்பைத் தள்ளிப்போட்ட சித்தப்பா, பந்தியில் கறிக்கு எலும்பை மட்டும் வைத்த மாமன் என்று ஆளாளுக்கு யாரையாவது முழுகிக்கொண்டே இருந்தார்கள். கோடையில் கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போதும் மடைக்குழியில் மட்டும் தண்ணீர் வற்றாது. அந்தத் தண்ணீரில் குடத்தை முக்கினால் தூக்கும்போது குடம் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். கனக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்தக் கண்மாயில்தான் இருளப்பன் நாய் பழக்கினார். வேட்டைக்குச் சட்டம் தடை போடாத காலம் அது. தை மாதம் கண்மாய் நிறையக் காட்டுவாத்தும் உள்ளானும் வந்து இறங்கும், டவுனிலிருந்து மில் முதலாளி துப்பாக்கியும் கூட்டாளிகளும் டிபன் கேரியருமாக ஜீப்பில் வந்து இறங்குவார். சுட்ட வாத்து தண்ணீரில் விழுந்தால் எடுத்துவர ஆள் இறங்க வேண்டும், இறங்கிய ஆள் ஒருதரம் தாமரைக்கொடியில் சிக்கிப் போய்ச்சேர்ந்தான். அதன் பிறகு முதலாளி ஒரு பெட்டைக்குட்டியைக் கொண்டுவந்து இருளப்பன் கையில் கொடுத்தார். ஊட்டியில் ஏதோ தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டு நாய்க்கும் எங்கள் பக்கத்துச் சிப்பிப்பாறை நாய்க்கும் பிறந்தது. உடம்பு கறுப்பு, காலில் சிப்பிப்பாறையின் ஓட்டம், தோலில் அந்தத் துரைநாயின் எண்ணெய்ப் பசை, தண்ணீர் ஒட்டாது. சொல்லி முடிப்பதற்குள் செய்துவிட்டு வந்து நிற்கும். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறது என்று எள்ளு என்றே பேர் வைத்தார் இருளப்பன்.

முதலில் தரையில் பழக்கினார். தேங்காய் நாரைச் சாக்குத் துணியில் பொதிந்து, மேலே வாத்துச் சிறகைச் சுற்றிக் கட்டி, அதை நாய் பார்க்கும்படி வீசுவார். வீசியதும் ஓடவிட மாட்டார். ‘இரு’ என்பார், அது நடுங்கிக்கொண்டு இருக்கும், எங்கே விழுந்தது என்பதைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொள்ளும், அப்புறம்தான் ‘கொண்டா’ என்பார், அது கம்பங்கொல்லையைக் கிழித்துக்கொண்டு போகும், வந்து எதிரே உட்காரும், ‘குடு’ என்பார், கையில் வைக்கும். பொட்டணம் பழகியதும் கோழி முட்டையைக் கவ்வ வைத்தார். கீறல் விழாமல் முட்டையை ஊர்க்கோடியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிற அளவுக்கு அதன் வாய் மெத்தென்று ஆனது. தரை முடிந்து வாய்க்கால், வாய்க்கால் முடிந்து கண்மாய்க் கரையோரம், கரையோரம் முடிந்து ஆழம்.

இருளப்பனிடம் ஒரு கட்டளை உண்டு, அதை நாய்க்கு இல்லை, மனிதர்களுக்குத்தான் சொல்வார். நாய் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். செருப்பானாலும் செத்த எலியானாலும் கையை விரித்து வாங்கி, தலையைத் தடவிவிட்டு, அப்புறம் தூக்கி எறிந்துகொள்ளலாம். வாங்க மறுத்தால் நாய்க்கு எப்போது விடுவது என்ற கணக்குக் குழம்பிப்போகும், பல்லை இறுக்க ஆரம்பிக்கும், இறுக்கிப் பழகிய வாய் ஒருநாள் கடிக்கும். “வாய் கெட்ட நாயி வேட்டைக்கு ஆகாது. கொண்டாந்தது குத்தமில்ல, வாங்காததுதான் குத்தம்” என்பார். இந்தக் கட்டளையைச் சொன்ன மனிதர் வீட்டில்தான் விஷயம் வேறு மாதிரி இருந்தது.

மனைவி பிரசவத்தில் போய்விட, மகள் பொன்னழகை அக்கா குருவம்மாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். வளர்ந்ததும் தன் மகன் தவசிக்கே கட்டிவைத்தாள். தவசி குடித்தால் அடிப்பான், குடிக்காத நாளில் குடிக்கவில்லையே என்று அடிப்பான். பொன்னழகு கை ஒடிந்து அப்பன் வீட்டுக்கு வந்தபோது இருளப்பன் மூங்கில் பத்தை வைத்து முட்டைப்பத்துப் போட்டுக் கட்டினார், நாய்க்காலைக் கட்டுகிற கைப்பக்குவம், எலும்பு அழகாகக் கூடிவிட்டது. கூடியதும் கொண்டுபோய் அக்கா வீட்டில் விட்டார். மறுபடி வந்தாள், மறுபடி விட்டார். அதற்கடுத்த முறை அவள் அப்பன் வீட்டுக்கு வரவில்லை, நேராக பஸ் ஏறித் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்துவிட்டாள். குருவம்மாள் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். “எம் மகனுக்குத் தலைக்குனிவு. நாளைக்குக் காலையில மடைக்கு வா” என்று மட்டும் சொன்னாள். இருளப்பன் போனார், முழுகினார், பேரைத் தண்ணீருக்குள் சொன்னார். அடுத்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்குப் பொன்னழகு வந்து அப்பாவின் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றாள், நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவர் அவளைத் தாண்டி வெளியே வந்து, தெரு காலியாக இருப்பதாகச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

எள்ளு முதன்முதலில் ஆழத்துக்குப் போன அன்று காலையில் இருளப்பன் பொட்டணத்தை நன்றாக வீசித் தூரத்தில் போட்டார். ‘கொண்டா’ என்றதும் எள்ளு நீந்திப் போனது, மிதந்துகொண்டிருந்த பொட்டணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியது, மடைக்குழிக்கு நேரே வந்ததும் தலையைத் தண்ணீருக்குள் விட்டது. வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் அசையவில்லை. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், மாடுகளும் பார்த்தன. பிறகு எள்ளு மேலே வந்தது, கழுத்தை உயர்த்தி, கனமானதைச் சுமக்கிற நாய் நீந்துகிறபடி மெதுவாக நீந்திக் கரைக்கு வந்தது. அதன் வாயில் ஒன்றுமில்லை. வாய் ஒரு விரற்கடை திறந்திருந்தது, முட்டையைக் கவ்வியிருப்பதுபோல அவ்வளவு பதனமாக. அது இருளப்பனைக் கடந்து, கரை ஏறி, டீக்கடைக்குப் போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த கொண்டல்சாமிக்கு எதிரே உட்கார்ந்தது.

பின்னாலேயே ஓடிவந்த இருளப்பனுக்கு நாய் கெட்டுப்போகிறதே என்பது ஒன்றுதான் கவலை. “மச்சான், கைய நீட்டுங்க” என்றார்.

“எதுக்குய்யா? வாயில ஒண்ணுமில்லையே.”

“இருக்கோ இல்லையோ, கொண்டாந்திருக்கு. வாங்கிக்கிருங்க, இல்லாட்டி வாய் கெட்டுப்போகும்.”

கொண்டல்சாமி சிரித்துக்கொண்டே கிளாசை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ‘குடு’ என்றார் இருளப்பன். எள்ளு வாயைத் திறந்தது. கொண்டல்சாமியின் இரண்டு கையும் சட்டென்று ஒரு சாண் கீழே இறங்கின. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் பிறந்த ஆட்டுக்குட்டியை வாங்கினால் எப்படி இருக்கும், அப்படி ஈரமாக, சூடாக, உள்ளே ஏதோ துடிக்கிறதாக இருந்தது என்று பிறகு சொன்னார். அவர் விரல் இடுக்கிலிருந்து கண்மாய்த் தண்ணீர் சொட்டியது. அவர் வெறுங்கையைப் பார்த்தபடி, தலைமயிர் நரைக்கிற அளவு காலமாகச் சொல்லாத ஒரு பேரைச் சொன்னார். “தங்கையா.” நாடகக் கம்பெனியோடு ஓடிப்போன அவருடைய தம்பி பேர் அது.

அதைக் கீழே வைக்க முடியவில்லை. திண்டில் வைத்தால் கை கூடவே போய் அங்கே ஒட்டிக்கொண்டது, கையை எடுத்தால் கனமும் கூடவே வந்தது. இடது கையில் அணைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் டீ போட்டார். ஒற்றைக் கையால் ஆற்ற முடியாது என்பதால் ஊரே ஆற்றாத டீயைக் குடித்தது. முதலில் நாக்கைச் சுட்டுக்கொண்டு முணுமுணுத்தோம், பிறகு பழகிவிட்டது. கடைசியில் பொறுக்கமாட்டாமல், தம்பி எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒரு லாரிக்காரரிடம் வந்து போகச் சொல்லித் தாக்கல் சொல்லி அனுப்பினார். ஒரு சந்தை நாளில், தோள்வரை முடி வளர்த்த ஒரு மனிதன் ஆர்மோனியப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடை வாசலில் வந்து நிற்கவும், கொண்டல்சாமியின் கை லேசாகிப்போனது. கனம் போய்விட்டதே என்று அவர் அழுதாரா, தம்பி வந்துவிட்டானே என்று அழுதாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு டீ நன்றாக ஆற்றப்பட்டு நுரையோடு வந்தது.

அதன் பிறகு எள்ளு தண்ணீரில் இறங்குகிற நாளெல்லாம் யாராவது ஒருவர் கை கனத்தது. நாங்கள் மிரண்டது கொஞ்ச நாள்தான். மிரட்சியைவிட வயிறு பெரிது, வேலை பெரிது, ஆகவே சுமந்துகொண்டே எல்லாம் செய்யப் பழகினோம். சுமக்கிறவர்களுக்கு பஸ்ஸில் இடம் விட்டார்கள், கண்டக்டர் ‘கைப்பாரம் இருக்கா’ என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார். பெண்கள் தூளி கட்டி அதில் வைத்து, கயிற்றைக் காலில் மாட்டி ஆட்டியபடி மிளகாய் வற்றல் காம்பு கிள்ளினார்கள், வெறுந்தூளி கனத்தோடு ஆடுவதையும் அடியில் ஈரம் சொட்டுவதையும் பார்த்துக்கொண்டே குழந்தைகள் தூங்கின. சிலருடையது அவ்வப்போது அழுகிற சத்தம் கேட்கும். பெரிய ஆளின் அழுகை, ஆனால் தூரத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. பந்தியில் சுமக்கிறவர்களைத் தனி வரிசையில் உட்காரவைத்து, அப்பளத்தை நொறுக்கியே இலையில் போட்டார்கள். ஒன்றிரண்டு பேர் அதைத் திரும்பக் கண்மாயில் எறிந்துபார்த்தார்கள். கை வீசியது, தண்ணீரில் தொப்பென்று சத்தமும் கேட்டது. எள்ளு பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் ‘கொண்டா’ என்று சொல்லாமலேயே போய்க் கொண்டுவந்துவிட்டது.

வாங்க மறுத்தவர் ஒருவர்தான், நாட்டாமை வீட்டுச் சங்கிலிக்கருப்பன். மூத்த மகனை முழுகியவர். எள்ளு அவர் மாட்டுத்தொழுவத்து வாசலில் உட்கார்ந்தது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், வைதார், தார்க்குச்சியால் அடித்தார். அது அசையவில்லை. வாய் நிறைய இருக்கிற நாய் எப்படித் தண்ணீர் குடிக்கும், எப்படிச் சோறு தின்னும்? வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது, தாடை நடுங்க ஆரம்பித்தது, கண் மட்டும் அவர் முகத்தை விட்டு அகலவில்லை. இருளப்பன் அவர் காலில் விழுந்து கேட்டார். “எம் நாயிக்காகவாச்சும் வாங்குங்கய்யா.” அவர் வாங்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் தாடை தானாக மூடிக்கொண்டது. காய்ந்த சுள்ளியை மிதித்த சத்தம் கேட்டது. வெறும் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது, அது நாயின் ரத்தமில்லை, நாக்கில் பல்லில் எங்கும் காயமில்லை. மறுநாள் அந்த மகன் இருந்த பம்பாயிலிருந்து தந்தி வந்தது. இதையும் அதையும் யாரும் சேர்த்துப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எள்ளு யார் எதிரே உட்கார்ந்தாலும் அந்த ஆள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

அந்தச் சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து இருளப்பன் நாயைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகவில்லை, கருவேலமரத்தில் கட்டிப்போட்டார். தன் முறை வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயந்தார் என்றே சொல்ல வேண்டும். மகளுக்குப் பயந்தாரா அக்காவுக்குப் பயந்தாரா என்று கேட்டால், அக்காவுக்குத்தான். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த இடுப்பு அக்காவுடையது, அந்த நன்றிக்கடனை அவர் மகளைக் கொண்டுதான் அடைத்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது, வாத்து இறங்கியது, மில் முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே கரையில் கூடியது, குருவம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். முதலாளி சுட்டார். வாத்துகள் ஒரு கறுப்புத் துணியை உதறினதுபோல மேலே எழும்ப, ஒன்று மட்டும் சுழன்று தண்ணீரில் விழுந்தது. “இருளப்பா, விடு” என்றார். வேறு வழியில்லாமல் இருளப்பன் கயிற்றை அவிழ்த்தார். வாய் வரவில்லை. முதலாளியே ‘கொண்டா’ என்று சொன்னார்.

எள்ளு வாத்தைத் தாண்டிப் போனது. கரையில் இருந்த நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. மடைக்குழியில் முங்கி எழுந்து, கழுத்தை உயர்த்திப் பதனமாக நீந்தி வந்து, ஜீப்பைக் கடந்து, முதலாளியைக் கடந்து, இருளப்பனுக்கு எதிரே உட்கார்ந்தது. வாய் ஒரு விரற்கடை திறந்திருந்தது.

“மூளை கெட்ட நாயா இருக்கு. வாத்து அங்க மிதக்குது, இது வெறும் வாயைக் காட்டுது” என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு என்ன தோன்றியதோ, கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வாத்தை யாரும் எடுக்கவில்லை.

இருளப்பன் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்றார். எத்தனை பேருக்கு ‘கைய நீட்டுங்க’ என்று சொன்ன மனிதர். குருவம்மாள் கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

“தம்பி, நீ கைய நீட்டுனா எனக்குத் தம்பி கெடையாது. இப்பவே மடையில எறங்கிருவேன்.”

மதியமானது. ஊர் கலையவில்லை. எள்ளுவின் முன்னங்கால் நடுங்கியது, பிறகு தாடை. நீர்க்கோடுபோல எச்சில் இறங்கி மண்ணில் விழுந்தது. இருளப்பன் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை வைத்துப் பழக்கிய வாய் அது, அதன் பலம் எவ்வளவு தாங்கும் என்று உலகத்தில் அவருக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். எலும்பைக் கட்டிக் கட்டித் திருப்பி அனுப்பிய மகளை அந்தப் பல்லுக்கு நடுவில் பார்த்தாரோ என்னவோ, தாடை மூடத் தொடங்கிய நொடியில் கக்கத்திலிருந்து கையைப் பிடுங்கி நீட்டினார்.

“முழுகுக்கா. தாராளமாப் போயி முழுகு. இந்த நாயி என்னையும் கவ்விக் கொண்டாந்து உன் முன்னாடிதான் உக்காரும். அன்னைக்கு நீ கைய எங்க வச்சுக்கிறேன்னு பாப்பம்” என்றார். பிறகு, “குடு” என்றார்.

கை இறங்கியது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிரசவ வீட்டிலிருந்து ஒரு துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்த அன்றைக்கு இருந்த அதே கனம், அதே சூடு. “பொன்னழகு” என்று சொன்னார், சொல்லச் சொல்ல வாய் நிற்கவில்லை. குருவம்மாள் தண்ணீர் வரைக்கும் போனாள், கணுக்கால் நனைய நின்றாள், எள்ளுவைத் திரும்பிப் பார்த்தாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி நடந்ததற்கு நாங்கள் யாரும் சாட்சி இல்லை. இருளப்பன் திரும்பி வந்து சொன்னதுதான், அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் அப்படியே சொல்கிறேன்.

கொண்டல்சாமி மாதிரி ஆள் அனுப்பாமல் அவரே போனார். இடது கையில் கனத்தை அணைத்துக்கொண்டு, வலது கையில் நாயைப் பிடித்துக்கொண்டு, லாரி ஏறித் திருப்பூர் போய் இறங்கினார். கம்பெனியில் விசாரித்து, அவள் குடியிருந்த வரிசை வீடுகளைக் கண்டுபிடித்தார். கதவைத் தட்டினார். பொன்னழகு திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், ஒடிந்து கூடிய கையில் ஒரு கண்ணாடி வளையல் போட்டிருந்தாள்.

“பொன்னழகு” என்றார்.

அவள் அவரைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். “யாரு தட்டுனது?” என்று கேட்டுவிட்டு, காற்று என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். இருளப்பன் மறுபடி தட்டினார், மறுபடி திறந்தாள், அவள் கண் அவர் முகத்தில் விழுந்து வழுக்கிக்கொண்டு போனது. தன் வாசலில் அவள் அன்றைக்கு நின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, நீங்க அதோட அப்பாவுங்களா?” என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். “போன பங்குனியில ஊருக்குப் போயிட்டு வந்துச்சுங்க. வந்த அன்னைக்கே வெள்ளெனப் போயி நொய்யல்ல மூணு முழுக்குப் போட்டுட்டு, தண்ணிக்குள்ள என்னமோ சொல்லிட்டு வந்துச்சு. எங்க ஊரு வழக்கம்னு சொல்லுச்சுங்க. அதுக்கப்புறம்தான் ஒழுங்காச் சோறு தின்னுச்சு.”

இருளப்பனுக்கு அழுகை வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. நாயை அழைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். சலவைப் பட்டறைகளின் சுண்ணாம்பு வாடையோடு வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நுரை மிதந்தது. எள்ளு முகர்ந்து பார்த்துத் தயங்கியது. வீசிக் காட்ட அவர் கையில் பொட்டணம் இல்லை. எங்கே விழுந்தது என்று கண்ணால் காட்டவும் வழியில்லை. “எள்ளு, நான் உள்ள கெடக்கேன்” என்றார். “கொண்டா.”

அது இறங்கியது. நுரைக்குள் தலை மறைந்தது. அவர் கரையில் நின்று, எங்கள் கண்மாய்க் கரையில் நாங்கள் நின்றதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நுரை வெள்ளையாக உடம்பெங்கும் ஒட்ட, கழுத்தை உயர்த்திக்கொண்டு எள்ளு ஏறி வந்தது, அவரைக் கடந்து போனது. தன்னைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் தன்னைக் கடந்து போவதைப் பார்ப்பது எப்படி இருந்தது என்று நாங்கள் கேட்டோம். “காலு ரெண்டும் தரையில இல்ல” என்றார்.

வரிசை வீட்டு வாசலில் எள்ளு உட்கார்ந்தது. கதவைத் திறந்த பொன்னழகு நாயைப் பார்த்தாள். நாய் பழக்குகிறவர் வீட்டில் வளர்ந்த பெண். திறந்த வாயையும் நடுங்குகிற தாடையையும் அது உட்கார்ந்திருக்கிற பாங்கையும் பார்த்ததும் அவளுக்கு அது யார் பழக்கிய நாய் என்று தெரிந்துவிட்டது. முழுகிவிட்டு வந்த பெண்ணுக்கு அதன் வாயில் இருப்பது என்னவென்றும் தெரிந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்தாள். கையை மடியில் புதைத்துக்கொண்டாள்.

இருளப்பன் பக்கத்திலேயே நின்றார். கையை நீட்டம்மா என்று சொல்லலாம், அவளுக்குக் கேட்காது. ஊரில் அத்தனை பேருக்குச் சொன்ன சொல், இங்கே அதற்குக் காது இல்லை. வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வாங்கத்தான் வேண்டும் என்று கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்பதும் அந்த வாசலில் நின்றபோது தெரிந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு, தன் நாயின் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் நாயிடம் பேசினாள். “நீ கொண்டாந்தது குத்தமில்ல. எனக்குத் தெரியும்” என்றாள். குழாயடியில் குடங்கள் நிரம்பின, பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். “முந்தாநாளு மத்தியானம் கம்பெனியில உக்காந்து பிசிறு வெட்டிக்கிட்டிருக்கேன், யாரோ என்னையத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு நடந்தா நடக்கவே வேண்டியில்ல. கத்திரிக்கோலு கைநழுவி விழுந்துச்சு. இவ்வளவு நாளா எங்க போயிருந்தாராம்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள், கோபத்தோடு அழுதாள், அழுகையை நாய்க்கு முன்னால் மறைக்கவில்லை.

எள்ளுவின் தாடை மூடத் தொடங்கியது. இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சுள்ளி முறிகிற சத்தம் வரவில்லை. அவருடைய இடது கை லேசாகிப்போனது, சட்டென்று, தோள் மேலே எழும்புகிற மாதிரி. கண்ணைத் திறந்தார். பொன்னழகு இரண்டு கையையும் ஏந்தியபடி படியில் உட்கார்ந்திருந்தாள், விரல் இடுக்கிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டியது. அவள் கைகள் கீழே இறங்கவே இல்லை. இறங்குமென்று இறுக்கிவைத்திருந்தாள் போல, இறுக்கம் வீணாகிக் கைகள் கொஞ்சம் மேலேகூடப் போயின. சந்தையில் காயை எடை பார்ப்பதுபோல மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள், அவள் கண் நேராக அவர் முகத்தில் வந்து நின்றது.

“இம்புட்டுத்தானாப்பா நீங்க?” என்றாள்.

எள்ளு எழுந்து குழாயடிக்குப் போய், தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சத்தமாக நக்கிக் குடித்தது.